இரட்டைப் படிகப் பெட்டி: பாளையங்கோட்டையில் வாங்கிய ஒரு கனிமத் தொகுப்பின் மதிப்புரை

பள்ளி, கல்லூரி ஆய்வுக்கூடங்களுக்குக் குடுவையும் லென்சும் விற்கும் கடைகளில் கனிமப் பெட்டி என்ற ஒன்று தவறாமல் இருக்கும். அட்டைப் பெட்டிக்குள் இருபது முப்பது கற்களை வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் பெயர் எழுதி வைத்திருப்பார்கள். மாணவர்கள் பெயர்களை மனப்பாடம் செய்வார்கள். ஒட்டப்பட்ட கல்லைத் திருப்பிப் பார்க்க வழியில்லை. பாளையங்கோட்டையில் இத்தகைய கடை ஒன்றை நடத்திவரும் அண்ணாச்சி, இந்த வழக்கத்திலிருந்து விலகி, படிகங்கள் இரட்டையாக வளரும் பண்பு ஒன்றை மட்டும் மையமாக வைத்து ஒரு பெட்டியைத் தயாரித்து விற்கிறார். மேல்நிலை வகுப்பில் அறிவியல் கற்பிப்பவன் என்ற முறையில் அதை வாங்கி, மாணவர்களோடு சேர்ந்து நன்றாகப் பயன்படுத்திப் பார்த்த பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

விலை 2,400 ரூபாய். மரப்பெட்டிக்குள் தனித்தனிக் குழிகளில் பன்னிரண்டு மாதிரிகள் ஒட்டப்படாமல் இருக்கின்றன. ஸ்டாரோலைட், ஜிப்சம், தெளிவான கால்சைட், தாழையூத்துப் பகுதியின் படிகச் சுண்ணாம்புக்கல், பிளாஜியோகிளேஸ், ஆர்த்தோகிளேஸ், மைக்ரோகிளின், ஃபுளோரைட், பைரைட், ரூடைல், அரகோனைட், குவார்ட்ஸ் ஆகியவை அவை. கூடவே பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், இரண்டு போலராய்டு தகடுகள், கண்ணாடிச் சில்லில் ஒட்டிய இரண்டு பாறைச் சீவல்கள், ஒரு எஃகுக் கத்தி, தமிழில் அச்சிட்ட சிறு கையேடு ஆகியவையும் உண்டு. லென்ஸ் தரமானது, விளிம்பில் வண்ணச் சிதறல் தெரியவில்லை. கத்தி சாதாரணமானது, அது போதும்.

பெட்டியின் பயனை மதிப்பிடுவதற்கு முன், இரட்டைப் படிகம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. இரண்டு படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்திருந்தால் மட்டும் அதை இரட்டை என்று சொல்வதில்லை. ஒரே கனிமத்தின் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பகுதிகள், அந்தக் கனிமத்தின் அணு அடுக்கே தீர்மானிக்கும் ஒரு குறிப்பிட்ட விதிப்படி இணைந்திருக்க வேண்டும். ஒரு தளத்தைக் கண்ணாடியாகக் கொண்டு ஒரு பகுதி மற்றதன் பிம்பமாக இருக்கலாம். அல்லது ஓர் அச்சைச் சுற்றி ஒரு பகுதியைத் திருப்பினால் மற்றதன் நிலை கிடைக்கலாம். எந்தத் தளம், எந்த அச்சு என்பது கனிமத்துக்குக் கனிமம் வேறுபடும். ஒரே கனிமத்தில் அது எங்கே தோண்டி எடுக்கப்பட்டாலும் மாறாது. நிறம் கலப்புப் பொருளால் மாறும், பளபளப்பு வெயிலிலும் மழையிலும் மங்கும், ஆனால் இணைப்பின் கோணம் அப்படியே இருக்கும். கனிமத்தை இனங்காண்பதில் இரட்டைக்கு இவ்வளவு மதிப்பு இருப்பதற்குக் காரணம் இந்த நிலைத்தன்மைதான்.

கையேடு இதை நன்றாகவே விளக்குகிறது. தொடு இரட்டை, ஊடுருவு இரட்டை, பல அடுக்கு இரட்டை, சுழல் இரட்டை என்று நான்கு வகைகளைப் படங்களோடு காட்டுகிறது. முழுமையாக வளர்ந்த தனிப் படிகத்தின் முகங்கள் பொதுவாக வெளிப்புறமாகவே திரும்பியிருக்கும், எனவே இரண்டு முகங்கள் சந்தித்து உட்பக்கமாகக் குழியும் கோணம் ஒன்று தென்பட்டால் அங்கே இரட்டை இருக்கக்கூடும் என்ற நடைமுறைக் குறிப்பையும் தருகிறது. ஒரு முக்கியமான தர்க்கத்தை மட்டும் அது விட்டுவிட்டது. ஒரு படிகத்தில் இயல்பாகவே சமச்சீர்த் தளமாக இருக்கும் தளம், அதன் இரட்டைத் தளமாக இருக்க முடியாது. ஏனெனில் அந்தத் தளத்தில் பிரதிபலித்தால் கிடைப்பது அதே படிகம்தான், புதிதாக எதுவும் உண்டாகாது. இந்த ஒரு வரியைச் சேர்த்திருந்தால், பெட்டியின் மிகச் சிறந்த பாடமாகிய பெல்ட்ஸ்பார் ஒப்பீடு இன்னும் துலக்கமாகியிருக்கும்.

இந்தப் பெட்டியை நான் பரிந்துரைப்பதற்கு முதன்மையான காரணம் அந்த ஒப்பீடுதான். புவியோட்டில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு பெல்ட்ஸ்பார் கனிமங்களால் ஆனது. நம் திருநெல்வேலிச் சீமையில் வாசற்படிக்கும் வேலிக்காலுக்கும் உடைக்கும் கல்லில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துக் குன்றுகளில், நான்குவழிச் சாலைக்காக வெட்டிய பாறை முகங்களில், எங்கு பார்த்தாலும் வெள்ளையாகவோ வெளிர்சிவப்பாகவோ மங்கிய பச்சையாகவோ மின்னுவது பெரும்பாலும் அதுவே. ஆனால் அதில் பொட்டாசியம் மிகுந்த ஆர்த்தோகிளேசும், சோடியமும் கால்சியமும் கலந்த பிளாஜியோகிளேசும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது, நிறத்தைக் கொண்டு பிரிப்பது நம்பத்தக்கதன்று. கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் இரண்டுக்கும் கடினத்தன்மை ஏறக்குறைய 6. இரண்டுக்கும் இரண்டு நல்ல பிளவுத்தளங்கள், அதாவது உடைக்கும்போது கல் தட்டையாகப் பிளக்கும் திசைகள், உண்டு. ஆர்த்தோகிளேசில் அவை செங்கோணத்தில் சந்திக்கின்றன, பிளாஜியோகிளேசில் சுமார் 86 பாகையில். நான்கு பாகை வேறுபாட்டைச் சிறு மணி ஒன்றில் வெறுங்கண்ணால் அளந்து சொல்ல யாராலும் இயலாது.

இந்த இடத்தில் இரட்டை நமக்குக் கைகொடுக்கிறது. படிகங்களை அவற்றின் சமச்சீரைக் கொண்டு பிரிக்கும் தொகுதிகளில் பிளாஜியோகிளேஸ் முச்சரிவுத் தொகுதியைச் சேர்ந்தது. அதில் இயல்பான சமச்சீர்த் தளம் எதுவும் இல்லை. எனவே அதன் ஒரு பிளவுத்தளத்தையே கண்ணாடியாகக் கொண்டு, மெல்லிய தகடுகள் ஒன்றுவிட்டு ஒன்று திரும்பியபடி நூற்றுக்கணக்கில் அடுக்கி வளர்கின்றன. இதற்கு ஆல்பைட் விதி என்று பெயர். இன்னொரு பிளவுத்தளத்தில் இந்தத் தகடுகளின் ஓரங்கள் மிக நுண்ணிய, நேரான, ஒன்றுக்கொன்று இணையான கோடுகளாகத் தெரியும். மடிப்பு விரியாத பனங்குருத்தோலையில் அடுத்தடுத்த மடிப்புகள் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்து ஒளியை மாறி மாறி வாங்குவதைப் போலவே, கல்லைச் சற்றுச் சாய்க்கும்போது ஒரு தொகுதிக் கோடுகள் மின்னி, அவற்றின் இடையிலுள்ளவை மங்கும். ஆர்த்தோகிளேஸ் ஒற்றைச்சரிவுத் தொகுதியைச் சேர்ந்தது. அதே தளம் அதில் ஏற்கெனவே சமச்சீர்த் தளமாக இருப்பதால், மேலே சொன்ன தர்க்கப்படி, ஆல்பைட் இரட்டை அதில் உருவாகவே முடியாது. ஆகவே ஒரு பெல்ட்ஸ்பாரின் பிளவுத்தளத்தில் இந்த நேர்க்கோடுகள் தென்பட்டால், அது ஆர்த்தோகிளேஸ் அன்று என்று லென்சை மட்டும் கையில் வைத்துக்கொண்டே உறுதியாகச் சொல்லலாம். அமிலமோ நுண்ணோக்கியோ தேவைப்படாத இவ்வளவு தெளிவான சோதனை களக் கனிமவியலில் அரிது.

பெட்டியிலுள்ள பிளாஜியோகிளேஸ் துண்டு இதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டது போல இருக்கிறது. புதிதாக உடைத்த பிளவுத்தளம், கோடுகள் ஒரு முனை முதல் மறுமுனை வரை தொடர்ச்சியாகச் செல்கின்றன. சாளரத்தின் அருகே நின்று சாய்த்துப் பார்க்கச் சொன்னபோது, பின்வரிசை மாணவர்களும் உதவியின்றிக் கண்டுகொண்டார்கள். ஆர்த்தோகிளேஸ் துண்டும் சிறப்பானது. அதில் கார்ல்ஸ்பாட் விதி எனப்படும் இன்னொரு இணைப்பு விதிப்படி அமைந்த ஊடுருவு இரட்டை இருக்கிறது. ஒரே படிகம் போலத் தோன்றும் கல்லின் நடுவே ஒரு கோடு ஓட, ஒரு சாய்வில் இடப்பாதி மட்டும் ஒளிரும், மறு சாய்வில் வலப்பாதி மட்டும் ஒளிரும். பெரிய பெல்ட்ஸ்பார் படிகங்கள் கொண்ட கிரானைட் பலகைகளிலும் இதைக் காணலாம். வங்கிகளிலும் திருமண மண்டபங்களிலும் பதித்த மெருகிட்ட தளங்களில் அப்படி நடுக்கோடு பிரித்த படிகங்களைத் தேடுவது மாணவர்களுக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. கார்ல்ஸ்பாட் இரட்டை பிளாஜியோகிளேசிலும் வரும் என்பதால், அது மட்டும் ஒன்றை மற்றதிலிருந்து பிரிக்காது. ஆல்பைட் கோடுகளே பிரிக்கும். இதைக் கையேடு சரியாகவே எச்சரிக்கிறது.

மூன்றாவது பெல்ட்ஸ்பாரான மைக்ரோகிளின் விஷயத்தில் பெட்டி ஏமாற்றுகிறது. மைக்ரோகிளினின் அடையாளம் இரண்டு விதிகளின் தகடுகள் ஏறக்குறையச் செங்கோணத்தில் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொள்ளும் கட்டம் போன்ற அமைப்பு. உயர் வெப்பத்தில் ஒற்றைச்சரிவாக இருந்த படிகம் குளிரும்போது முச்சரிவாக மாறியதன் தடயம் அது. அந்தப் பாறையின் வெப்ப வரலாற்றையே பேசும் அடையாளம். ஆனால் இது நுண்ணோக்கியின் கீழ், மெல்லிய சீவலில் மட்டுமே தெரியும். பெட்டியில் இருப்பதோ கட்டைவிரல் அளவுத் துண்டு. அதைக் கையில் வைத்து எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் கட்டம் தெரியப் போவதில்லை. துண்டுக்குப் பதிலாக ஒரு சீவலை வைத்திருக்க வேண்டும்.

அடுத்து தாழையூத்துக் கல். 1949 முதல் சிமென்ட் ஆலை இயங்கிவரும் சங்கர்நகரையொட்டிய பகுதியின் சுண்ணாம்புக்கல், கடலடியில் படிந்த மென்மையான சுண்ணாம்பு அப்படியே இறுகியதன்று. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் தென்னிந்தியாவின் இந்தப் பகுதி முழுவதும் புவியோட்டின் ஆழத்தில் வெந்து அழுந்தியபோது மறுபடிகமான பளிங்கு வகை. அதன் ஒவ்வொரு மணியும் ஒரு கால்சைட் படிகம். உடைத்த முகத்தை வெயிலில் சாய்த்தால் ஒவ்வொரு மணியின் பிளவுத்தளமும் தனித்தனியே மின்னும். லென்ஸ் வழியே நோக்கினால் பல மணிகளின் மீது நுண்ணிய கோடுகள் ஓடுவதைக் காணலாம். இவையும் இரட்டைத் தகடுகளே. ஆனால் இவை வளரும்போது உண்டானவையல்ல, வளர்ந்த பின் பாறையை நெரித்த அழுத்தத்தால் உண்டானவை. கால்சைட்டின் அணு அடுக்குகள் குறைந்த அழுத்தத்திலேயே ஒரு குறிப்பிட்ட தளத்தின் மீது வழுக்கித் திரும்பிவிடும் இயல்புடையவை.

இந்த வழுக்கலைக் கண்முன்னே நிகழ்த்திக் காட்ட முடியும் என்பதுதான் இந்தத் தொகுப்பில் என்னை மிகவும் கவர்ந்த அம்சம். தெளிவான கால்சைட் சாய்சதுரத்தின் மழுங்கிய விளிம்பில் கத்தியின் கூர்முனையைக் குறுக்காக வைத்து மெதுவாக, சீராக அழுத்தினால், படிகம் உடையாமல் அதன் ஒரு பகுதி திரும்பி இரட்டை நிலைக்குச் சென்றுவிடும். விளிம்பில் ஒரு படிக்கட்டு போன்ற உள்வாங்கல் தோன்றும். 19ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்ட சோதனை இது. அண்ணாச்சி இதற்கென்று சிறு கால்சைட் துண்டுகளைத் தனிப் பையில் கூடுதல் விலையின்றிக் கொடுக்கிறார். பொறுமை வேண்டும், சில துண்டுகள் பிளந்துபோகும். ஆனால் வெற்றி பெற்ற துண்டைக் கையில் பிடித்த மாணவருக்கு, மலைகளை நெரித்த விசை கல்லுக்குள் எழுதும் எழுத்து எத்தகையது என்று வேறு யாரும் சொல்லத் தேவையில்லை.

கால்சைட்டையும், அதைப் போலவே தோன்றும் மக்னீசியம் கலந்த டோலமைட்டையும் பிரிப்பதற்கும் இந்தத் தகடுகள் உதவுகின்றன. கால்சைட்டின் பிளவு முகம் ஒரு சாய்சதுரம். அதில் இரட்டைக் கோடுகள் நீண்ட மூலைவிட்டத்துக்கு இணையாகவும் விளிம்புகளுக்கு இணையாகவும் ஓடும், குறுகிய மூலைவிட்டத்தின் திசையில் ஓடாது. டோலமைட்டில் குறுகிய மூலைவிட்டத்துக்கு இணையாகவும் கோடுகள் வரக்கூடும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கால்சைட் உடனே நுரைக்கும், டோலமைட் பொடியாக்கினால்தான் நன்றாக நுரைக்கும் என்ற வழக்கமான சோதனையோடு இதையும் சேர்த்துப் பார்ப்பது உறுதி தரும். பெட்டியில் டோலமைட் இல்லாததால் ஒப்பிட்டுப் பார்க்க முடியவில்லை என்பது குறை. அமிலம் இல்லாதது சரியான முடிவு, அதை ஆசிரியர் பொறுப்பில்தான் வாங்க வேண்டும்.

பாறைச் சீவல்கள் இரண்டும் 0.03 மில்லிமீட்டர் என்ற வழக்கமான தடிமனுக்குத் தேய்க்கப்பட்டவை. ஒன்று தாழையூத்துப் பளிங்கு, மற்றொன்று பிளாஜியோகிளேஸ் மிகுந்த கரும்பாறை. இரண்டு போலராய்டு தகடுகளையும் செங்கோணத்தில் வைத்து இடையே சீவலை வைத்தால் பிளாஜியோகிளேஸ் கறுப்பு வெள்ளைப் பட்டைகளாகப் பிரிந்து நிற்கும். சீவலைச் சுழற்றச் சுழற்ற, கறுத்தவை வெளுக்கும், வெளுத்தவை கறுக்கும். அந்தப் பட்டைகள் எந்தக் கோணத்தில் இருளடைகின்றன என்பதை அளந்து, அந்தப் பிளாஜியோகிளேசில் சோடியம் மிகுதியா கால்சியம் மிகுதியா என்று மதிப்பிடும் முறையை நிலவியல் மாணவர்கள் இன்றும் கற்கிறார்கள். கணினியின் திரவப் படிகத் திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே தளவிளைவுற்றது, அதாவது ஒரே தளத்தில் அதிர்வது, என்பதால், வெள்ளைத் திரையின் முன் சீவலைப் பிடித்து ஒரே ஒரு போலராய்டு வழியே லென்சால் பார்த்தாலும் போதும். பள்ளியில் தளவிளைவு நுண்ணோக்கி இல்லை என்ற கவலை இதனால் ஓரளவு தீர்கிறது. சீவல்களின் மேல்மூடியாக ஒட்டிய மெல்லிய கண்ணாடி எளிதில் கீறல் விழுவதால், உறையிலிட்டு வைப்பது அவசியம்.

பகட்டான மாதிரிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஸ்டாரோலைட் 60 பாகையில் குறுக்கிட்ட சிலுவை. 90 பாகைக்கு மிக நெருங்கிய சிலுவைகள் இதைவிட அரிது. மென்மையான கல்லில் செதுக்கிய போலிச் சிலுவைகள் உலகச் சந்தையில் உண்டு என்பதால், வாங்குமுன் கத்தியால் கீறிப் பார்க்க அண்ணாச்சியே அழைக்கிறார். உண்மையான ஸ்டாரோலைட்டின் கடினத்தன்மை 7க்கு மேல்; கத்தி கீறாது. எனக்குக் கிடைத்ததில் மைக்காப் பாறையின் செதில்களும் ஒட்டியிருந்தன, ஐயத்துக்கு இடமில்லை. ஜிப்சத்தின் தகைவிலான் குருவி வால் போலக் கவைத்த இரட்டையைத் தூத்துக்குடி உப்பளங்களோடு சேர்த்துப் பேசலாம். கடல்நீர் வற்றும்போது உப்புக்கு முன்பே ஜிப்சம்தான் படியும். நகத்தால் கீறினாலே கோடு விழும். அரகோனைட் மாதிரியில் மூன்று படிகங்கள் சுழல் இரட்டையாக இணைந்து அறுங்கோணத் தூண் போல நடிக்கின்றன. உண்மையில் அது செஞ்சாய்சதுரத் தொகுதி. மேல்முகத்தில் தெரியும் இணைப்புக் கோடுகள்தான் அந்த உண்மையைச் சொல்கின்றன. கால்சைட்டும் அரகோனைட்டும் ஒரே கால்சியம் கார்பனேட், இரண்டும் அமிலத்தில் நுரைக்கும் என்பதால், இந்த இணைப்பு முறை இனங்காண்பதில் முக்கியமான சான்று. மன்னார் வளைகுடாவின் முத்தும் சங்கும் அரகோனைட்டால் ஆனவை என்ற செய்தியைக் கையேட்டில் சேர்த்தால் நம் பகுதி மாணவர்களுக்கு அது மனத்தில் நிற்கும்.

ஃபுளோரைட்டில் சிக்கல் இருந்தது. ஊடுருவு இரட்டை என்று பெயர்ச்சீட்டு சொன்னது. ஆனால் எனக்குக் கிடைத்த மாதிரியில் இரண்டு கனசதுரங்கள் தாறுமாறாக ஒட்டியிருந்தன. உண்மையான ஃபுளோரைட் இரட்டையில் இரண்டு கனசதுரங்களும் ஒரு மூலைவிட்ட அச்சைப் பொதுவாகக் கொண்டிருக்கும். ஒன்றின் முகங்களிலிருந்து மற்றதன் மூலைகள் ஒழுங்கான இடங்களில் துருத்தி நிற்கும். அந்த ஒழுங்கு இல்லாவிட்டால் அது தற்செயல் ஒட்டல் மட்டுமே. கடைக்குக் கொண்டுசென்று காட்டியபோது, அண்ணாச்சி லென்சை வாங்கிப் பார்த்துவிட்டு, “நீங்க சொல்லுதது சரிதான் சார், பார்சலில் கலந்து வந்திருக்கு” என்று சொல்லி, இருப்பிலிருந்த துண்டுகளைக் கொட்டி நான் விரும்பியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். விற்பனைக்குப் பிந்தைய சேவைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஆனாலும் பெட்டி வாங்குவோர் ஃபுளோரைட்டைக் கடையிலேயே சரிபார்த்துக்கொள்வது நல்லது.

கையேட்டின் மிகப் பெரிய குறை, இரட்டையல்லாத கோடுகளைப் பற்றி அது ஒன்றுமே சொல்லாதது. பைரைட் கனசதுரத்தின் முகங்களில் ஆழமான இணைகோடுகள் உண்டு. அடுத்தடுத்த முகங்களில் அவை ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் திரும்பும். பெல்ட்ஸ்பார் கோடுகளைக் கற்ற மாணவர் இவற்றையும் இரட்டை என்றே முடிவு செய்வார். ஆனால் அவை வளர்ச்சியின்போது இரண்டு வகை முகங்கள் மாறி மாறித் தோன்றியதால் ஏற்பட்ட படிகள். குவார்ட்ஸ் தூணின் பக்கங்களில் குறுக்காக ஓடும் வரிகளும் அத்தகையவையே. பிளவுத்தளத்தின் மீது தெரியும் கோட்டையும், வளர்ச்சி முகத்தின் மீது தெரியும் கோட்டையும் முதலில் பிரித்தறியப் பழக வேண்டும். அதற்கு வேண்டிய மாதிரிகள் பெட்டிக்குள்ளேயே இருந்தும், சொல்லிக்கொடுக்க ஒரு பத்தி இல்லை. பெல்ட்ஸ்பாருக்குள் வேறொரு பெல்ட்ஸ்பார் பிரிந்து வெளியேறி உண்டாக்கும் வரிகளையும் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். அவை நெளிந்தும் தடித்தும் மெலிந்தும் செல்லும், இரட்டைக் கோடுகளின் கறாரான நேர்மை அவற்றுக்கு இராது.

குவார்ட்ஸ், அதாவது நம் காடுகரையில் வெங்கச்சாங்கல் என்று காலில் இடறும் கல், இன்னொரு எச்சரிக்கைக்கும் உரியது. இயற்கைக் குவார்ட்ஸ் படிகங்களில் இரட்டை மிக மிகப் பரவலானது; ஆனால் அதில் பெரும்பகுதி வெளியே தெரியாது, லென்சாலும் பிடிபடாது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வானொலிக் கருவிகளுக்குக் குவார்ட்ஸ் தகடுகள் வெட்டியவர்கள், கண்ணுக்குப் புலப்படாத இந்த இரட்டைகளைக் கண்டுபிடித்து ஒதுக்குவதற்கே பெரும்பாடு பட்டார்கள். ஆகவே இரட்டை தென்படவில்லை என்பதைக் கொண்டு எந்தக் கனிமத்தையும் மறுக்கக் கூடாது. ஆல்பைட் கோடு தெரியாத பிளாஜியோகிளேஸ் மணியும் உண்டு. இரட்டை இருந்தால் அது சான்று, இல்லாமை சான்றாகாது. இதையும் கையேடு தடித்த எழுத்தில் அச்சிட வேண்டும்.

கடைக்கு வருவோரில் பலர் ராசிக்கல்லைச் சோதிக்க இந்தப் பெட்டி பயன்படுமா என்று கேட்கிறார்களாம். நேரடியாகப் பயன்படாது, ஆனால் அடிப்படையைக் கற்றுத்தரும். ஊதா நிறக் குவார்ட்ஸாகிய செவ்வந்திக்கல்லில் பிரேசில் விதி எனப்படும் இரட்டை இருப்பதைத் தளவிளைவுற்ற ஒளியில் காண்பது, அது இயற்கைக் கல் என்பதற்கு ஆய்வகங்கள் நாடும் சான்றுகளில் ஒன்று. செயற்கைக் கற்களிலும் சிலவற்றில் அது தோன்றலாம் என்பதால் அது ஒன்றையே நம்பித் தீர்ப்புச் சொல்வதில்லை. மாணிக்கத்தில் நேரான இரட்டைத் தகடுகள் தென்படுவதுண்டு. 1902இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னாய் அறிவித்த சுடர் உருக்கு முறையில் செய்த கல்லிலோ வளைந்த வரிகளும் காற்றுக் குமிழ்களும் இருக்கும். வைடூரியத்தின் தாய்க் கனிமமான கிரைசோபெரில் மூன்று படிகச் சுழல் இரட்டையாக வளர்ந்து அறுகோண வட்டு போலக் காட்சியளிக்கும். மலைக்கு அந்தப் பக்கம், தெற்குக் கேரளத்தில் கிடைக்கும் கனிமம் அது. சிறியதாகவேனும் ஒரு கிரைசோபெரில் இரட்டை இந்தப் பெட்டியில் இடம்பெற்றிருந்தால் நான் இன்னும் கூடுதலாக விலை கொடுத்திருப்பேன். பட்டை தீட்டிய பிறகு வெளிமுகங்கள் எல்லாம் போய்விடுவதால், நகையில் பதித்த கல்லை இந்த லென்சோடு சோதித்து முடிவு செய்ய யாரும் முற்பட வேண்டாம்.

கடற்கரை மணலைக் கொண்டுவந்து இதே முறையில் பிரிக்க விரும்புவோருக்கும் ஒரு சொல். உவரி, பெரியதாழைப் பக்கத்து மணலில் சிவந்த கார்னெட், கறுத்த இல்மனைட், ரூடைல், சிர்கான் எல்லாம் உண்டு. பெட்டியிலுள்ள ரூடைல் முழங்கால் போல மடிந்த அருமையான இரட்டை. ஆனால் அலையில் உருண்ட ரூடைல் மணியில் அந்த மடிப்பு தேய்ந்து போயிருக்கும். கார்னெட்டிலோ இரட்டை மிக அரிது. மணலுக்குக் காந்தமும் எடையும்தான் வழி.

இணையத்தில் இதில் பாதி விலைக்கு வரும் கனிமப் பெட்டிகளையும் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை உருட்டி மெருகேற்றிய கற்கள். பார்க்க அழகானவை, ஆனால் முகமும் விளிம்பும் உட்குழிந்த கோணமும் மழுங்கிவிட்ட கல்லில் இரட்டையின் வெளியமைப்பைத் தேட இடமே இல்லை. இந்தப் பெட்டியின் கற்கள் கரடுமுரடானவை, சிலவற்றில் மண் ஒட்டியிருக்கிறது. அப்படி இருப்பதே அவற்றின் மதிப்பு. எந்த ஊரில் எடுத்த கல் என்ற குறிப்பு தாழையூத்து மாதிரிக்கு மட்டும் இருப்பது வருத்தத்துக்குரியது. இடக்குறிப்பு இல்லாத மாதிரி பாதி மாதிரிதான். மொத்த விற்பனையாளரிடம் கேட்டு எழுதி வாங்குவது கடைக்காரரின் கடமை.

மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள், நிலவியல் முதலாண்டு மாணவர்கள், ஊர்ப் பாறைகளைக் கவனிக்கத் தொடங்கியுள்ள யாரும் தயங்காமல் வாங்கலாம். சிறுவர்களுக்குப் பரிசாகக் கொடுக்க நினைப்போர், சீவல்கள் இல்லாத சிறிய பெட்டியைக் கேட்டு வாங்கலாம். அதில் பிளாஜியோகிளேஸ், ஆர்த்தோகிளேஸ், இரண்டு கால்சைட்டுகள், லென்ஸ் ஆகியவை இருக்கின்றன, உண்மையில் நம் பகுதிக்கு மிகவும் வேண்டியவை இவைதான். மைக்ரோகிளின் துண்டைத் திருப்பிக் கொடுத்துச் சீவலாக மாற்றித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறேன். சீவல் தேய்ப்பவர் வெளியூரில் இருப்பதால் அடுத்த தொகுதியில்தான் முடியும் என்றும், அப்போது சார்னோகைட் என்ற பாறையின் சீவல் ஒன்றையும் சேர்க்கப் போவதாகவும் அண்ணாச்சி சொன்னார். அவசரமில்லாதவர்கள் அந்தத் தொகுதி வரும்வரை காத்திருந்து வாங்குவது மேல்.